முகத்துக்கு வேண்டியது அடுப்படியிலேயே இருக்கிறது

அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்று எம் முன்னோர் சொல்லி வைத்தார்கள். அகத்தின் துயரமும் முதலில் முகத்தில்தான் தெரிகிறது. நித்திரையில்லாத இரவுகள் கண்ணுக்குக் கீழே கருவளையமாக நிற்கின்றன. நேரத்துக்குச் சாப்பிடாத நாட்கள் கன்னத்தை ஒட்ட வைக்கின்றன. வெயிலும் உப்பும் அடுப்புப் புகையும் மிச்சத்தைச் செய்துவிடுகின்றன. அன்பான சகோதரிகளே, இம்மாதம் நாம் பேசப்போவது அந்த முகத்தைப் பேணும் விதம் பற்றித்தான். கடையில் காசு கொடுத்து வாங்கும் பொருட்களைப் பற்றியல்ல. அடுப்படியிலும் வளவிலும் ஏற்கெனவே இருக்கும் பொருட்களைப் பற்றி.

நான் மன்னார்த் தீவின் பேசாலையில் வாழ்பவள். அழகுக்கலை பயின்று, எமது ஊரிலும் அயற்கிராமங்களிலும் பெண்களுக்குப் பல வருடங்களாகச் சொல்லிக்கொடுத்து வருகிறேன். என்னிடம் வருபவர்களில் கருவாட்டு வாடியில் நாள் முழுக்க நிற்பவர்கள் இருக்கிறார்கள். கரையில் வலையிலிருந்து மீன் கழற்றுபவர்கள் இருக்கிறார்கள். கணவனைப் பறிகொடுத்து, தனியாகப் பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவர்களும் இருக்கிறார்கள். இவர்கள் பெரும்பாலும் இரண்டே கேள்விகளோடுதான் வருவார்கள். ஒன்று, "அக்கா, வெள்ளையாக வாறதுக்கு என்ன பூசலாம்?" மற்றது, வாய்விட்டுக் கேட்காமல் மனதுக்குள் கேட்பது: "எனக்கு இனி இதெல்லாம் எதற்கு?"

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்.

ஆருக்குக் காட்ட?

எமது ஊர் பார்த்த துன்பத்தை நான் விரித்துச் சொல்லத் தேவையில்லை. 1990இல் எத்தனையோ குடும்பங்கள் இக்கரையிலிருந்து படகேறி இராமேஸ்வரம் போயின. அதே ஆண்டில் அகதிகளுக்கான ஐ.நா. உயர் ஆணையகம் மடுவிலும் பேசாலையிலும் திறந்த நிவாரண நிலையங்களை அமைத்தது. அதே ஆண்டு ஒக்டோபரில் மன்னாரின் முஸ்லிம் சகோதரிகள் வீடு வாசலை விட்டு வெளியேற்றப்பட்டார்கள். 2006 ஜூன் 17 அன்று, மாதா கோயிலில் தஞ்சம் புகுந்திருந்த எமது சனங்களே தாக்கப்பட்டார்கள். வன்னிக்குள் இருந்தவர்கள் 2009இல் மெனிக் பாமில் ஒரு வாளித் தண்ணீருக்கு வரிசையில் நின்றார்கள். அந்தக் காலங்களில் முகம் கழுவக் கிடைத்ததே பெரிய காரியம்.

அதற்குப் பிறகு வாழ்க்கை மெல்ல மெல்லத் திரும்பியது. ஆனால் பல பெண்களுக்குக் கண்ணாடி மட்டும் திரும்பி வரவில்லை. துணையை இழந்தவள் தலையை வாரி, முகத்தில் எதையாவது பூசினால், "ஆருக்குக் காட்டப் பிள்ளை இந்தப் பூச்செல்லாம்?" என்று கேட்க அயலில் ஒருவர் எப்போதும் இருப்பார். கேட்பவர் கெட்டவராக இருக்க வேண்டுமென்றில்லை. ஊர் வழக்கம் அவரை அப்படிக் கேட்க வைக்கிறது.

சகோதரிகளே, தோல் என்பது அலங்காரப் பொருள் அல்ல. அது உடம்பின் மிகப் பெரிய உறுப்பு. வெளியிலிருந்து வரும் கிருமியையும் வெயிலையும் தடுப்பதும், உள்ளிருக்கும் ஈரத்தைக் காப்பதும் அதுதான். பல்லைத் தீட்டுவதற்கு யாரிடமும் காரணம் சொல்கிறோமா? முகத்தைப் பேணுவதற்கும் காரணம் சொல்லத் தேவையில்லை. யாருக்கும் காட்டுவதற்காக அல்ல. எமது உடம்பு எமக்குரியது என்பதால்.

எமது மண்ணும் எமது தோலும்

மன்னார்த் தீவு வரண்ட நிலம். மழை பெரும்பாலும் ஒக்டோபர் முதல் டிசம்பர் வரைதான். மற்ற மாதங்களில் வெயிலும் காற்றும். மே மாதம் தொடங்கும் சோழகக் காற்று செப்ரெம்பர் வரை ஓய்வதில்லை. தீவின் தென்கரையில் 2020 டிசம்பரில் திறக்கப்பட்ட தம்பபவனி காற்றாலையின் 30 கோபுரங்களையும் சுற்ற வைக்கும் காற்றுத்தான் எமது கன்னத்து ஈரத்தையும் உறிஞ்சிக்கொண்டு போகிறது. அந்தக் காற்றோடு மணலும் உப்பும் சேர்ந்து வருகின்றன. பல கிணறுகளில் தண்ணீர் உவர். உவர்த் தண்ணீரில் சவர்க்காரம் நன்றாக நுரைக்காது. சரியாகக் கழுவுப்படாமல் தோலிலேயே தங்கி, இழுத்துப் பிடிப்பதுபோல் வரட்டும்.

அதனால் கொழும்பிலோ நுவரெலியாவிலோ இருப்பவருக்கு எழுதிய குறிப்பு எமக்கு அப்படியே பொருந்தாது. எமக்கு முதல் மருந்து நிழல். காலை 10 மணி முதல் பிற்பகல் 3 மணி வரையிலான வெயிலில் வேலை செய்தாக வேண்டியிருந்தால், தலையையும் கன்னத்தையும் மூடி ஒரு மெல்லிய பருத்தித் துணி கட்டுங்கள். அதன்மேல் பனையோலைத் தொப்பி வையுங்கள். வெயில் காக்கும் எந்தக் கிறீமையும் விட இது மலிவு.

கடலை நம்பி வாழும் பெண்கள் முகத்தைக் காப்பது எமக்கு மட்டும் உரிய பழக்கமல்ல. பிலிப்பைன்ஸ், மலேசியக் கடல்களில் படகிலேயே வாழ்ந்த பஜாவ் இனப் பெண்கள் அரிசி மாவில் செய்த பூச்சை முகத்தில் அப்பிக்கொண்டுதான் வெயிலில் தொழில் செய்வார்கள். பர்மாவில் தனகா மரத்தின் பட்டையைக் கல்லில் உரைத்துக் கன்னத்தில் பூசுவது இன்றும் அன்றாட வழக்கம். வயலில் நிற்பவளும் பூசுவாள், பள்ளிக்கூடம் போகும் பிள்ளையும் பூசும்.

உங்கள் தோல் எந்த வகை?

அடுத்த வீட்டு அக்காவுக்குப் பிடித்த பூச்சு உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம். காரணம், தோலின் வகை வேறு. அதை அறிய ஒரு எளிய வழி உண்டு. இரவில் முகத்தை வெறும் தண்ணீரில் கழுவி, எதுவும் பூசாமல் படுங்கள். காலையில் எழுந்தவுடன், கழுவுவதற்கு முன், மெல்லிய கடதாசியால் நெற்றி, மூக்கு, கன்னம், நாடி ஆகிய இடங்களை ஒற்றிப் பாருங்கள்.

எல்லா இடத்திலும் எண்ணெய் ஒட்டினால் அது எண்ணெய்த் தோல். எங்கும் ஒட்டாமல், தோல் இழுத்துப் பிடித்து, மெல்லிய செதிலும் தெரிந்தால் வரண்ட தோல். நெற்றியிலும் மூக்கிலும் மட்டும் எண்ணெய், கன்னம் வரட்சி என்றால் கலப்புத் தோல். எண்ணெயும் இல்லை, இழுவையும் இல்லை என்றால் சாதாரண தோல். எதைப் பூசினாலும் சிவந்து எரிந்தால், அது எளிதில் ஒவ்வாமை காட்டும் தோல்.

இந்த வகை வாழ்நாள் முழுதும் மாறாதது அல்ல. இருபது வயதில் எண்ணெய் வழிந்த முகம் நாற்பத்தைந்துக்குப் பின் வரண்டுபோகும். வாடைக் காலத்துக்கும் சோழகக் காலத்துக்கும் கூட வேறுபாடு இருக்கும். ஆகவே வருடத்தில் இரண்டு தடவையாவது பார்த்துக்கொள்ளுங்கள்.

எல்லோருக்கும் பொதுவான விதிகள்

1. முகத்தை நாளுக்கு இரண்டு தடவை கழுவினால் போதும். கடற்கரையிலிருந்தோ வாடியிலிருந்தோ வந்தால் உடனே நல்ல தண்ணீரால் இன்னொரு தடவை கழுவுங்கள். நல்ல தண்ணீர் குறைவென்றால் குளிப்பதற்கு உவர்த் தண்ணீரும், முகத்துக்கு மட்டும் ஒரு செம்பு நல்ல தண்ணீரும் வைத்துக்கொள்ளுங்கள்.

2. உடுப்புத் தோய்க்கும் சவர்க்காரத்தை முகத்தில் போடாதீர்கள். எமது தோல் இயல்பாகவே சிறிது புளிப்புத் தன்மை கொண்டது. சவர்க்காரம் காரத்தன்மை கொண்டது. அது அழுக்கோடு தோலின் காவல் எண்ணெயையும் கழற்றிக்கொண்டு போய்விடும். சவர்க்காரத்துக்குப் பதிலாகப் பயற்றம்மா போதும்.

3. எந்தப் பூச்சையும் முதலில் முழங்கையின் உட்பக்கத்தில் சிறிது பூசி ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள். சிவப்போ கடியோ வந்தால் அது உங்களுக்கு வேண்டாம்.

4. பூச்சைப் புதிதாகக் குழைத்து அன்றே பூசுங்கள். மிஞ்சியதை நாளைக்கு வைக்காதீர்கள். அதில் போத்தல் கிறீம்களில் சேர்ப்பதுபோல் பழுதாகாமல் காக்கும் மருந்து எதுவும் இல்லை.

5. பூச்சு காய்ந்து வெடிக்கும்வரை வைத்திருக்க வேண்டாம். பத்து முதல் பதினைந்து நிமிடம் போதும். ஈரம் இருக்கும்போதே கழுவி, துவாயால் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். வாரத்துக்கு ஒன்று அல்லது இரண்டு தடவைக்கு மேல் வேண்டாம்.

சாதாரண தோலுக்கு

ஒரு மேசைக்கரண்டி பயற்றம்மாவுடன் ஒரு மேசைக்கரண்டி தயிர் சேர்த்துக் குழைத்துப் பூசுங்கள். தயிரிலுள்ள மென்மையான அமிலம் இறந்த தோலைத் தளர்த்தும். மாவு அழுக்கை ஒட்டி எடுக்கும். நன்றாகப் பழுத்த பப்பாசிப் பழத்தை மசித்துப் பத்து நிமிடம் பூசுவதும் நல்லது. பழுத்த பழம் மட்டுமே. காயிலிருந்து வடியும் பால் தோலைப் பொசுக்கிவிடும்.

வரண்ட தோலுக்கு

எமது தீவில் நாற்பதைக் கடந்த பெண்கள் அதிகமாகக் கேட்பது இதற்குத்தான். ஒரு மேசைக்கரண்டி தேங்காயின் முதற்பாலில் ஒரு தேக்கரண்டி கடலைமா கலந்து பூசுங்கள். அல்லது பாதி வாழைப்பழத்தை மசித்து, ஒரு தேக்கரண்டி தேன் சேர்த்துப் பூசுங்கள். தேன் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துத் தோலில் நிறுத்தும். பூச்சைக் கழுவிய பிறகு, முகம் ஈரமாக இருக்கும்போதே இரண்டு மூன்று துளி தேங்காய் எண்ணெயை உள்ளங்கையில் தேய்த்து முகத்தில் ஒற்றுங்கள். காய்ந்த தோலில் எண்ணெய் பூசினால் வரட்சி அடியில் அப்படியே இருக்கும். ஈரத்தோலில் பூசினால் அந்த ஈரம் வெளியேறாமல் அடைபட்டு நிற்கும்.

எண்ணெய்த் தோலுக்கும் பருவுக்கும்

எண்ணெய் வழிகிறது என்று நாளுக்கு ஆறு தடவை சவர்க்காரம் போட்டுக் கழுவும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். இதனால் தோலின் காவல் கெட்டு, எரிவும் பருவும் கூடுமே தவிரக் குறையாது. கடலைமாவும் தயிரும் சம அளவு எடுத்து, ஒரு சிட்டிகை மஞ்சள் சேர்த்துப் பூசுங்கள். கிடைக்குமானால் முல்தானி மெட்டியைப் பன்னீரிலோ வெறும் தண்ணீரிலோ குழைத்துப் பூசலாம். இது பாகிஸ்தானின் முல்தான் நகரின் பெயரைத் தாங்கிய களிமண். மிதமிஞ்சிய எண்ணெயை உறிஞ்சும். ஒரு பிடி வேப்பிலையை இரண்டு கோப்பைத் தண்ணீரில் அவித்து ஆறவைத்து, அந்தத் தண்ணீரால் இரவில் முகத்தை அலம்பலாம்.

பரு உள்ளவர்கள் முகத்தில் தேங்காய் எண்ணெய் பூசவேண்டாம். அது துவாரங்களை அடைக்கும். பருவைக் கிள்ளவும் வேண்டாம். பரு ஒரு வாரத்தில் போகும். கிள்ளிய குழி போகாது.

மஞ்சளைப் பற்றி ஒரு வார்த்தை. 2019 இறுதியில் மஞ்சள் இறக்குமதி தடைப்பட்ட பிறகு அதன் விலை எங்கேயோ போனதும், எமது கடலிலேயே மஞ்சள் மூடைகள் பிடிபட்டதும் நினைவிருக்கும். விலை ஏறும் பொருளில் கலப்படமும் ஏறும். முகத்துக்குப் பூசுவதானால் பொதி செய்த தூளை நம்பாமல், மஞ்சள் கிழங்கை வாங்கிக் காயவைத்து நீங்களே இடித்துக்கொள்ளுங்கள். ஒரு சிட்டிகைக்கு மேல் தேவையில்லை.

கலப்புத் தோலுக்கு

ஒரே முகத்துக்கு இரண்டு பூச்சு. நெற்றி, மூக்கு, நாடிக்குக் கடலைமாவும் தயிரும். கன்னத்துக்கு வாழைப்பழமும் தேனும். கேட்கச் சிரிப்பாக இருக்கும். செய்து பார்த்தவர்கள் விடுவதில்லை.

எளிதில் எரியும் தோலுக்கு

இவர்கள் பூச்சுகளைக் குறைத்துக்கொள்வதே நல்லது. கெக்கரிக்காயைத் துருவிப் பிழிந்த சாற்றைக் குளிர்ச்சியாக ஒற்றலாம். சோறு வடித்த கஞ்சித் தண்ணீரை ஆறவைத்து, இரண்டு பங்கு தண்ணீர் சேர்த்து அலம்பலாம். ஓட்ஸ் கிடைத்தால் அரைத்துத் தண்ணீரில் குழைத்துப் பூசலாம். கடியும் எரிவும் உள்ள தோலுக்கு ஓட்ஸ் இதம் தரும் என்பதைத் தோல் வைத்தியர்களும் ஏற்கிறார்கள். கற்றாழையும் நல்லது. ஆனால் மடலை வெட்டியவுடன் வடியும் மஞ்சள் பால் கடியை உண்டாக்கும். மடலைப் பத்து நிமிடம் நிமிர்த்தி வைத்து, அந்தப் பாலை வடியவிட்டு, நன்றாகக் கழுவிய பிறகே உள்ளிருக்கும் வெள்ளைச் சோற்றை எடுங்கள்.

பனை தரும் உதவி

எமக்குப் பனையை விடப் பெரிய துணை வேறு ஏது? வெயில் காலத்தில் கழுத்திலும் நெற்றியிலும் வேர்க்குரு போடும்போது, நுங்கை வெட்டி அதன் தண்ணீரைப் பூசுவது எமது ஆச்சிமார் காலத்து வைத்தியம். குளிர்ச்சியும் ஈரமும் சேர்ந்து எரிவைத் தணிக்கும். பூசிக் காய்ந்ததும் கழுவிவிடுங்கள். இனிப்பு ஒட்டினால் எறும்பும் வரும், ஈயும் வரும்.

பொருளாதாரத் தடைக் காலத்தில் வடக்கில் சவர்க்காரம் கிடைக்காமல் போனபோது பனம்பழத்தைக் கரைத்து உடுப்புத் தோய்த்தோம் அல்லவா? பனங்களியில் நுரைக்கும் பொருள் இயற்கையாகவே உண்டு. அதன் கசப்புக்கும் அந்த இனப் பொருட்களே காரணம். ஆனால் அது துணிக்கு. முகத்துக்கு அது கடுமை.

மங்கும் தழும்பும்

கன்னத்திலும் நெற்றியிலும் கபில நிறத்தில் படரும் மங்கு பிள்ளைத்தாய்ச்சிக் காலத்திலும், கருத்தடை மாத்திரை எடுக்கும்போதும், வெயிலில் நிற்பதாலும் வரும். அது அழுக்கல்ல. தேய்த்தால் போகாது, தேய்க்கத் தேய்க்கக் கறுக்கும். வெயிலிலிருந்து மறைத்துக்கொள்வதே முதல் வைத்தியம். மாத்திரைதான் காரணமோ என்று சந்தேகம் இருந்தால், நீங்களாக நிறுத்தாமல் உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் கேளுங்கள்.

இனித் தழும்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஷெல் காயமும் எரிகாயமும் முகத்திலேயே பட்ட பெண்கள் எம்மிடையே இருக்கிறார்கள். பலர் முந்தானையால் மறைத்துக்கொண்டே ஒரு வாழ்க்கையை வாழ்ந்துவிட்டார்கள். அடுப்படியிலுள்ள எந்தப் பூச்சும் பழைய தழும்பை இல்லாமல் செய்யாது. அப்படிச் சொல்பவர்களை நம்பிக் காசை விடாதீர்கள். ஆனால் தழும்பின் இறுக்கத்தையும் கடியையும் குறைக்கலாம். காயம் முழுதாக ஆறிய பிறகு, தினமும் ஐந்து நிமிடம் தேங்காய் எண்ணெய் தடவி, விரல் நுனியால் மெதுவாக வட்டமாக உருவிவிடுங்கள். தழும்புத் தோல் வெயிலில் சீக்கிரம் கறுக்கும். அதை மூடி வையுங்கள். உள்ளே இரும்புத் துண்டு இருப்பதாகத் தெரிந்தாலோ, தொட்டால் குத்தினாலோ உருவ வேண்டாம். தடித்துப் புடைத்து வளரும் தழும்புக்கு வைத்தியசாலையில் ஊசி மருந்தும், சிலிக்கன் ஜெல் பூச்சும் உண்டு. பத்து, இருபது வருடம் போய்விட்டதே என்று எண்ணாமல் ஒரு தடவை தோல் கிளினிக்கில் காட்டுங்கள்.

அடுப்படியில் இருந்தாலும் முகத்துக்கு ஆகாதவை

தேசிக்காய்ச் சாற்றை முகத்தில் பூசிக்கொண்டு வெயிலில் இறங்குவது ஆபத்து. அந்தச் சாற்றிலுள்ள சில பொருட்கள் வெயில் பட்டவுடன் தோலைப் பொசுக்கி, மாதக்கணக்கில் நிற்கும் கரும் அடையாளத்தைத் தரும். வெள்ளையாக வேண்டுமென்று பூசியவர் கறுத்துப் போவது இப்படித்தான். அப்பச்சோடா, பற்பசை, உப்பு ஆகியவையும் வேண்டாம். சீனியையும் ரவையையும் போட்டு அழுத்தித் தேய்ப்பதும் கண்ணுக்குத் தெரியாத கீறல்களை உண்டாக்கும். இயற்கைப் பொருள் எல்லாமே நல்லது என்றில்லை. எருக்கம்பாலும் இயற்கைதான்.

"வெள்ளையாக வாறதுக்கு என்ன பூசலாம்?"

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். என்னிடம் ஒரு தங்கச்சி வந்தாள். திருமணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. பெயர்ச்சீட்டு ஒழுங்காக இல்லாத ஒரு சிறிய டப்பாக் கிறீமை மூன்று மாதமாகப் பூசியிருந்தாள். முதல் இரண்டு வாரத்தில் முகம் பளிச்சென்று வந்ததாம். பிறகு கன்னம் சிவந்து, மெல்லிய நரம்புகள் வெளியே தெரியத் தொடங்கின. நிறுத்தினால் பரு வெடித்து எரிந்தது. மீண்டும் பூசினால் அடங்கியது. "விடவும் ஏலாது, பூசவும் ஏலாது அக்கா" என்று அழுதாள். அவளைத் தோல் வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போனேன். நிறுத்துவதற்கு மாதங்கள் எடுத்தன. முகம் தேறி வந்தது; திருமணமும் நடந்தது.

இத்தகைய கிறீம்களில் இரண்டு பொருட்கள் ஒளிந்திருக்கலாம். ஒன்று, வைத்தியர் குறிப்பிட்ட நோய்க்குக் குறிப்பிட்ட நாட்களுக்கு மட்டும் தரும் ஸ்டீரொய்ட் மருந்து. பீற்றாமெதசோன், குளோபெற்றாசோல் என்பன அந்த வகை. தொடர்ந்து பூசினால் தோல் காகிதம்போல் மெலிந்துவிடும். மற்றது பாதரசம். அது தோலுக்கு நிறம் தரும் பொருள் உருவாவதைத் தடுக்கும். அதனால்தான் வெளிறுகிறது. ஆனால் தோல் வழியாக இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைக் கெடுக்கும். கை நடுக்கம், நித்திரையின்மை, மனச்சோர்வு தரும். வயிற்றிலுள்ள பிள்ளையையும் தாக்கும். பூசிய கையால் தூக்கும் குழந்தைக்கும், ஒரே துவாயில் முகம் துடைப்பவருக்கும் அது ஒட்டும்.

பாதரசம் என்ன செய்யும் என்பதை உலகத்துக்குக் காட்டியது எமது ஊரைப் போன்ற ஒரு மீனவ ஊர்தான். ஜப்பானிலுள்ள மினமாட்டாவில் தொழிற்சாலைக் கழிவிலிருந்து பாதரசம் கடலில் கலந்தது. மீனுக்கு ஏறி, அதைத் தின்ற சனங்களின் நரம்பைக் கெடுத்தது. 1956இல் அந்த நோய் கண்டறியப்பட்டது. கிறீமில் இருப்பது அதே பாதரசத்தின் வேறொரு வடிவம். அந்த ஊரின் பெயரிலேயே 2013இல் ஒரு சர்வதேச உடன்படிக்கை உருவானது. இலங்கையும் 2017இல் அதில் இணைந்தது. பாதரசம் கலந்த அழகுப் பொருட்களை நிறுத்துவதும் அதில் அடங்கும். 2023இல் ஜெனீவாவில் கூடிய நாடுகள், எவ்வளவு சிறிய அளவானாலும் கூடாது என்று முடிவெடுத்து, 2025ஐக் காலக்கெடுவாக வைத்தன. இருந்தும் களவாக வரும் டப்பாவை உடன்படிக்கை தடுக்காது. வாங்கும் நாம்தான் தடுக்க வேண்டும்.

எனவே செய்த நிறுவனத்தின் முகவரி, உள்ளடக்கப் பொருட்களின் பட்டியல், காலாவதித் திகதி ஆகியன இல்லாத எதையும் வாங்காதீர்கள். பட்டியலில் மெர்க்குரி, கலோமெல் என்ற சொற்கள் இருந்தால் தொடாதீர்கள். இரண்டு வாரத்தில் வெள்ளை என்று சொல்லும் எதையும் சந்தேகியுங்கள். ஏற்கெனவே நீண்ட நாள் பூசி வருபவர்கள் டப்பாவையும் எடுத்துக்கொண்டு வைத்தியரிடம் போங்கள்.

எமது தோலின் கருமை ஒரு குறையல்ல. இந்த வெயிலைத் தாங்க உடம்பு தானாகப் பிடித்துக்கொண்ட குடை அது. பூச்சுகளால் தோல் சுத்தமாகும், மென்மையாகும், பொலிவாகும். வெள்ளையாகாது, ஆக வேண்டியதும் இல்லை.

எப்போது வைத்தியரிடம் போக வேண்டும்?

வெளிறிய அல்லது சிவந்த தேமல் ஒன்று தோன்றி, அந்த இடத்தில் தொட்டால் உணர்ச்சி இல்லையென்றால் ஒரு நாளும் தாமதிக்காதீர்கள். அது தொழுநோயாக இருக்கலாம். இலங்கையில் இன்றும் புதிய நோயாளர்கள் கண்டறியப்படுகிறார்கள். மருந்து இலவசம், முற்றாகக் குணமாகும். பிந்தினால்தான் அங்கம் கெடும். கன்னத்தில் வண்ணத்துப்பூச்சி வடிவில் சிவந்து, மூட்டு வலியும் காய்ச்சலும் சேர்ந்தாலும், மச்சம் பெருத்து இரத்தம் கசிந்தாலும் காட்டுங்கள். முகம் எப்போதும் வெளிறி, ஏறி இறங்க மூச்சு வாங்கினால் அது இரத்தச்சோகையாக இருக்கலாம். அதற்கு முகத்தில் பூசுவதால் பயனில்லை. பேசாலை வைத்தியசாலையிலேயே இரத்தம் சோதிக்கக் கேட்கலாம்.

உள்ளிருந்து வரும் பொலிவு

முருங்கையிலை வறை, சின்ன மீன் சொதி, பயறு, பப்பாசி இவையெல்லாம் எமது கைக்கு எட்டுபவை. பெரிய மீனை விற்றுவிட்டுச் சின்ன மீனைச் சமைக்கிறோம் என்று கவலைப்பட வேண்டாம். முள்ளோடு தின்னும் சின்ன மீனில் சுண்ணாம்புச் சத்து கூட. பிள்ளைகளுக்குப் போட்டுவிட்டு மிஞ்சியதைத் தின்னும் பழக்கத்தை மட்டும் மாற்றுங்கள். தாயின் கோப்பையிலும் ஒரு துண்டு மீன் இருக்க வேண்டும்.

கண்ணுக்குக் கீழுள்ள கருவளையத்துக்குக் குளிர்ந்த தேயிலைச் சக்கையைத் துணியில் முடிந்து பத்து நிமிடம் வைக்கலாம். வீக்கம் குறையும். ஆனால் பழைய நினைவுகள் வந்து இரவு முழுதும் கண் மூடாதவருக்குத் தேயிலை போதாது. அவர் யாரிடமாவது பேச வேண்டும். வைத்தியசாலையில் மனநல சேவையும் உண்டு. அதைக் கேட்பதில் வெட்கமில்லை.

என் வகுப்புகளில் நான் கண்ட ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். தனியாகப் பூச்சுப் போடச் சொன்னால் பெண்கள் செய்வதில்லை. ஐந்தாறு பேர் சேர்ந்தால் செய்கிறார்கள். ஒருத்தி பயறு கொண்டுவருவாள், ஒருத்தி தயிர், ஒருத்தி வளவுக் கற்றாழை. ஒருவர் முகத்துக்கு மற்றவர் பூசிவிடும்போது, வருடக்கணக்காகப் பேசாத கதைகள் வெளியே வருகின்றன. அதனால் வார்த்தைக்கு வார்த்தை நீங்களும் அப்படிச் செய்யுங்கள் என்று கட்டாயப்படுத்தவில்லை. வரும் ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், வீட்டு வேலை முடிந்தபின், இரண்டு மேசைக்கரண்டி பயற்றம்மாவை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுப் படலையைத் தட்டுங்கள். ஒரு கரண்டி உங்களுக்கு, மற்றது அவருக்கு.